மதுரை மறைத்தளத்தில் ஊக்கமூட்டல் மரபு (1606–1838): மடல், வேதியர், இலக்கியம்

ஆய்வுச்சுருக்கம்

இயேசு சபையினரின் மதுரை மறைத்தளம் குறித்து இதுவரை வெளிவந்த ஆய்வுகள் மறைப்பணியாளர்களின் தனிவாழ்வு, பண்பாட்டேற்பு, இலக்கியத் தொண்டு ஆகியவற்றையே பெரிதும் முதன்மைப்படுத்துகின்றன. எதிர்ப்புக்கும் இடருக்கும் உள்ளான கிறித்தவர்கள் எவ்வாறு மனவுறுதி பெற்றனர், அவ்வுறுதியைப் பிறருக்கு எவ்வாறு வழங்கினர் என்னும் வினா தனியே எழுப்பப்படவில்லை. நொபிலி, அருளானந்தர், வீரமாமுனிவர், தேவசகாயம் ஆகியோரின் வரலாற்றை இவ்வினாவின் வழி இக்கட்டுரை மீள நோக்குகிறது. மடல், வேதியர், இலக்கியம் என மூன்று வாயில்களின் வழியாக ஊக்கம் வழங்கப்பட்டது என்பதும், அவற்றுள் தமிழ் மக்களிடையே வேரூன்றி நின்றவை பின்னிரண்டுமே என்பதும், 1759க்குப் பின் குருக்கள் அருகிய காலத்தில் சபைகள் நிலைத்தமைக்கு இதுவே முதன்மைக் காரணம் என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: மதுரை மறைத்தளம், இயேசு சபை, வேதியர், ஊக்கமூட்டல், அருளானந்தர், வீரமாமுனிவர், தேவசகாயம், சிறை மடல்.

முன்னுரை

'மதுரை மறைத்தளம்' என்னும் பெயர் மதுரை நகரை மட்டும் குறிப்பதன்று. நகரையும், சமயநல்லூர் போன்ற ஊர்கள் அமைந்த அதன் சுற்றுப்புறச் சமவெளியையும் கடந்து, தெற்கே குமரிமுனையை ஒட்டிய வடக்கன்குளம் முதல் வடக்கே செஞ்சி நாட்டின் கொளை வரை பரந்து கிடந்த ஒரு மறைப்பணி எல்லையை அது குறித்தது. நாயக்கர், சேதுபதி, தஞ்சை மராட்டியர், பாளையக்காரர், திருவிதாங்கூர் மன்னர் எனப் பல ஆட்சிகளின் கீழ் இம்மறைத்தளம் இயங்கியது. ஆதலின் மதுரையில் தொடங்கிய ஒரு மரபு ஓரியூரிலும் ஏலாக்குறிச்சியிலும் ஆரல்வாய்மொழியிலும் தொடர்ந்ததை ஒரே வரலாறாகக் கொள்ள இடமுண்டு.

கிறித்தவ மறைநூலில், குறிப்பாகப் பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் முதல் அதிகாரத்தில், துன்பத்தில் இறைவனிடமிருந்து ஆறுதல் பெற்றவன் அதே ஆறுதலைத் துன்புறும் பிறருக்கு வழங்கும் ஆற்றல் பெறுகிறான் என்னும் கருத்து இடம்பெற்றுள்ளது. பெறுதலும் வழங்குதலும் ஒரே இயக்கத்தின் இரு கூறுகள் என்பது இதன் பொருள். தமிழ் மரபிலும் ஊக்கமுடைமை, இடுக்கணழியாமை ஆகியவற்றைத் திருக்குறள் தனித்தனி அதிகாரங்களாக வகுத்துள்ளது. ஆயினும் குறள் முன்னிறுத்துவது தன் உள்ளத்தைத் தானே திண்மையாக்கிக் கொள்ளும் ஆளுமையை. மறைத்தள வரலாற்றில் காணப்படுவதோ ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குக் கைமாறிச் செல்லும் திண்மை. இவ்வேறுபாடே இக்கட்டுரைக்கு அடிப்படையாக அமைகிறது.

சான்றுகளும் அவற்றின் எல்லையும்

மறைத்தள வரலாற்றுக்கு முதன்மைச் சான்றுகள் இயேசு சபையினர் ஆண்டுதோறும் தம் தலைமைக்கு எழுதிய மடல்களே. இவற்றுள் பலவற்றைப் பெர்த்ராந்து அடிகளார் பிரெஞ்சு மொழியில் நான்கு தொகுதிகளாக 1847 முதல் 1854 வரை வெளியிட்டார். நெல்சன் எழுதிய மதுரை நாட்டு வரலாறும் (1868), சத்தியநாத ஐயர் எழுதிய மதுரை நாயக்கர் வரலாறும் (1924) அரசியல் செய்திகளுக்குங்கூட இம்மடல்களை நாடியுள்ளன. இராசமாணிக்கம் அடிகளார் நொபிலியின் தமிழ் நூல்களைப் பதிப்பித்ததோடு, 1972இல் வெளிவந்த தம் நூலில் அவரது வாழ்வையும் பணியையும் ஆராய்ந்தார்.

இம்மடல்களைப் பயன்படுத்துவோர் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். மடல்கள் செய்தியறிக்கைகளாக மட்டும் எழுதப்பட்டவை அல்ல. தொலைவில் உள்ள உடன்பணியாளருக்கும் ஐரோப்பியப் புரவலருக்கும் ஊக்கமூட்டுவதும், இளந்துறவியரை இம்மறைத்தளத்திற்கு ஈர்ப்பதும் அவற்றின் நோக்கங்களாயிருந்தன. துன்பத்தை மிகுத்துக் கூறும் போக்கும், எதிர்த்தோரை ஒரே வண்ணத்தில் தீட்டும் போக்கும் அவற்றில் உண்டு. எனவே மடலில் இடம்பெறும் துன்பச் சித்திரத்தை வரலாற்று உண்மையின் முழுவடிவமாகக் கொள்ளாமல், அதுவே ஊக்கமூட்டலின் ஒரு கருவி என்று கொண்டு படிப்பது பொருந்தும். தமிழ்க் கிறித்தவர்களின் சொந்தக் குரல் இம்மடல்களில் குருவின் எழுத்துகோல் வழியாகவே ஒலிக்கிறது. அக்குரலை நேராகக் கேட்கத் தமிழில் இயற்றப்பட்ட நூல்களையும் வழிபாட்டு மரபுகளையும் வாய்மொழி நினைவுகளையும் நாட வேண்டியுள்ளது.

எதிர்ப்பின் இயல்பு

மறைத்தளம் எதிர்கொண்ட எதிர்ப்பைச் சமயப்பகை என்ற ஒரு சொல்லால் விளக்க இயலாது. நாயக்க மன்னர்கள் பொதுவாகப் பல சமயங்களையும் பொறுத்து ஆண்டவர்கள். திருமலை நாயக்கர் காலத்தில் (1623–1659) குருக்கள் சிறைப்பட்டதும் உண்டு. அதே மன்னரின் இசைவோடு பணி தொடர்ந்ததும் உண்டு. எதிர்ப்பு பெரும்பாலும் உள்ளூர் அதிகாரிகளிடமிருந்தும், ஆசிரிய நிலையில் போட்டியிட்ட துறவியரிடமிருந்தும், உறவினரிடமிருந்தும் எழுந்தது. புதிய சமயத்தில் சேர்ந்தவன் ஊர்த்திருவிழாவிற்கு வரி கொடுக்க மறுத்தாலோ, குலச்சடங்கிலிருந்து விலகினாலோ அது ஊர் ஒழுங்கைக் குலைப்பதாகக் கருதப்பட்டது. மணமுறையில் ஏற்பட்ட மாற்றம் அரச குடும்பங்களின் உறவுப் பிணைப்பையே தொட்டது. போர்த்துக்கீசியர் மீதிருந்த அரசியல் ஐயமும் உடன்சேர்ந்தது. ஒரு கிறித்தவன் எதிர்கொண்ட நாள்தோறுமான இடர் பெரும்பாலும் வாளால் வந்ததன்று. உறவு முறிவு, நிலவுரிமை இழப்பு, ஊர்விலக்கு, ஏளனம் என்னும் வடிவங்களில் வந்தது. ஊக்கம் மிகுதியும் தேவைப்பட்டது இத்தகைய ஓசையற்ற இடர்களிலேயே.

நொபிலி: பழிக்கு மறுமொழி

பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் மதுரையில் குடியமர்ந்த கொன்சாலோ பெர்னாண்டசு அடிகளார், முத்துக்குளித்துறையிலிருந்து நகருக்கு வந்துபோன பரதவக் கிறித்தவர்களைப் பேணிவந்தார். அவரது சமயம் 'பரங்கி மார்க்கம்' என்றே நகரத்தாரால் அழைக்கப்பட்டது. 1606ஆம் ஆண்டு நவம்பரில் மதுரை வந்த இராபர்ட் தெ நொபிலி, அப்பெயரே பெருந்தடை என்பதை உணர்ந்தார். துறவியர் கோலமும் மரக்கறி உணவும் மேற்கொண்டு, தமிழையும் தெலுங்கையும் வடமொழியையும் பயின்றார். தத்துவபோதகர் என்னும் பெயரால் அறியப்பட்டார். வடமொழி கற்பித்த சிவதருமர் என்னும் அந்தணர் 1609இல் அவரிடமே திருமுழுக்குப் பெற்றார்.

நொபிலியின் முறைக்கு எதிர்ப்பு முதலில் வந்தது தம் சபையினுள்ளிருந்தே. பெர்னாண்டசு 1610இல் அளித்த முறையீடு கோவா வழியாக உரோமை வரை சென்றது. 1619இல் கோவாவில் கூடிய மாநாட்டில் கடும் எதிர்ப்பு எழுந்தது. 1623 சனவரி 31இல் பதினைந்தாம் கிரகோரி திருத்தந்தை வெளியிட்ட ஆணையே அவருடைய முறைக்கு இசைவளித்தது. ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுகள் நீடித்த இவ்வழக்கில் அவருக்குத் துணைநின்றோர் கொடுங்கல்லூர்ப் பேராயர் பிரான்சிசுகோ ரோசும் மாநிலத் தலைவர் லாயெர்சியோவும் ஆவர். அவர்களது ஆதரவு இல்லாதிருப்பின் மதுரைப் பணி தொடங்கிய சில ஆண்டுகளிலேயே முடிந்திருக்கக் கூடும். ஊக்கமூட்டுவோன் தானும் ஊக்கம் தேவைப்படுவோனே என்பதற்கு மறைத்தள வரலாறு தரும் முதற்சான்று இது.

நொபிலியின் நூல்களுள் நம் ஆய்வுக்கு முதன்மையானது 'தூஷண திக்காரம்'. கிறித்தவர்கள் மீது மக்கள் சுமத்திய பழிகளை எடுத்துரைத்து மறுக்கும் நூல் அது. இதனைச் சமயவாத நூல் என்ற வகையிலேயே ஆய்வாளர் நோக்குவர். ஆனால் எதிர்த்தரப்பு அறிஞர் எத்தனைபேர் அதனைப் படித்திருப்பர் என்பதைவிட, ஊர்ச்சாவடியில் ஏளனத்துக்கு உள்ளான ஒரு கிறித்தவனுக்கு அது என்ன தந்திருக்கும் என்று வினவுவது பயனுடையது. பழிக்கு மறுமொழி சொல்லத் தெரியாதவன் நாணி ஒதுங்குகிறான். மறுமொழி கைவரப்பெற்றவன் நிமிர்ந்து நிற்கிறான். அவனுடைய சொந்த மொழியில், அவன் அறிந்த வழக்குரை முறையில் அம்மறுமொழி அமைந்ததே இந்நூலின் ஆற்றல். இவ்வகையில் இதனை ஊக்கமூட்டல் இலக்கியத்தின் தொடக்கமாகக் கொள்ளலாம்.

1640இல் நொபிலி மதுரையில் சிறைப்பட்டார். அறுபதை நெருங்கிக் கடந்த அகவையில் சிறைவாழ்வு அவரது உடல்நலத்தைக் குலைத்தது. கண்பார்வை மங்கிய இறுதி ஆண்டுகளில் மதுரையை விட்டு யாழ்ப்பாணத்திலும் பின்னர் மயிலாப்பூரிலும் வாழ்ந்து, 1656 சனவரி 16இல் மறைந்தார். பார்வை குன்றிய காலத்தும் தமிழ் நூற்பணியை அவர் கைவிடவில்லை. உடனிருந்தோர் எழுதத் தாம் சொல்லிவந்தார்.

பண்டாரசுவாமிகளும் வேதியரும்

நொபிலி சிறைப்பட்ட அதே 1640ஆம் ஆண்டில் பல்தசார் தா கோசுதா அடிகளார் 'பண்டாரசுவாமி' என்னும் புதிய கோலத்தில் பணி தொடங்கினார். உயர்குலத்தாரிடையே மட்டும் பழகிய அந்தண துறவியர் முறைக்கு மாறாக, எல்லாக் குலத்தாரையும் அணுக இம்முறை வழிவகுத்தது. இதன்பின் மறைத்தளம் ஊர்ப்புறங்களில் விரைந்து பரவியது. பரவல் ஒரு சிக்கலையும் உடன்கொணர்ந்தது. சிலரே ஆன குருக்கள் நூற்றுக்கணக்கான சிற்றூர்களைக் காண வேண்டியிருந்தது. ஓர் ஊருக்கு ஆண்டில் ஒருமுறை குரு வருவதே அரிதாயிற்று.

இடைவெளியை நிரப்பியவர்கள் வேதியர் அல்லது உபதேசியார் எனப்பட்ட பொதுநிலையினர். அந்நாளில் கிறித்தவ சமயம் 'வேதம்' என வழங்கியது. அதனைக் கற்பிப்பவர் 'வேதியர்' ஆனார். அந்தணரைக் குறித்த ஒரு சொல் மறவர், வேளாளர், பறையர் எனப் பல குலத்தைச் சார்ந்த ஆசிரியர்களுக்கும் உரியதானமை சொல்வரலாற்று நோக்கிலும் கருதத்தக்கது. சிற்றூரில் மன்றாட்டுகளைக் கற்பித்தல், ஞாயிறுதோறும் மக்களைக் கூட்டுதல், சாகுந்தறுவாயில் இருந்தோர்க்குத் திருமுழுக்கு அளித்தல், நோயாளரைக் காணுதல், பூசல் தீர்த்தல், இறந்தோரை அடக்கம் செய்தல் ஆகிய அனைத்தும் இவர்தம் கடமைகள். அதிகாரிகளின் சினம் முதலில் விழுந்ததும் இவர்கள் மீதே. குரு வேற்றூர் சென்றுவிட்டால் ஊரில் எஞ்சி நின்று அடியும் தண்டமும் ஏற்றவர் வேதியர்.

1686இல் அருளானந்தர் மறவ நாட்டில் மங்கலம் என்னும் ஊரருகே பிடிபட்டபோது அவருடன் வேதியர் சிலரும் பிடிபட்டனர். அவர் பட்ட வதைகளை அவர்களும் பட்டனர். மறுத்துச் சொன்னால் விடுதலை கிடைக்கும் என்ற நிலையிலும் அவர்கள் விலகவில்லை என்பது மடல்கள் தரும் செய்தி. ஐரோப்பாவில் வெளியான வரலாறுகளில் அருளானந்தர் பெயர் ஒளிர, உடன்பட்டோர் பெயர்கள் அடிக்குறிப்புகளில் ஒடுங்கின. ஆனால் ஊராருக்கு அணுக்கமான சான்று அவ்வேதியரே. கடல்கடந்து வந்த துறவியின் உறுதி வியப்புக்குரியது. தம் உறவினனும் அண்டை வீட்டானுமான ஒருவனின் உறுதியோ பின்பற்றத்தக்கது. ஊக்கம் வேர்கொள்வது பின்னதிலேயே.

ஓரியூர்ச் சிறை மடல்

அருளானந்தர் எனத் தமிழில் வழங்கும் ஜான் தெ பிரித்தோ 1647 மார்ச்சு 1இல் லிசுபனில் பிறந்தவர். போர்த்துக்கல் அரண்மனையில் இளவரசர் பெத்ரோவின் தோழராக வளர்ந்தார். 1673இல் கப்பலேறி, அடுத்த ஆண்டு மதுரை மறைத்தளம் அடைந்து பண்டாரசுவாமியாகப் பணியாற்றினார். 1686இல் பிடிபட்ட அவரைச் சேதுபதி இரகுநாத கிழவன் இராமநாதபுரத்திற்கு வரவழைத்து உரையாடி, மறவ நாட்டில் போதித்தலாகாது என்னும் கட்டளையோடு விடுவித்தார். பின்னர் மறைத்தளத்தின் சார்பில் ஐரோப்பா சென்றபோது, மன்னராகிவிட்ட பழைய தோழர் அவரை அங்கேயே நிறுத்திக்கொள்ள முயன்றார். அவர் இசையாமல் 1690இல் திரும்பினார்.

மறவ அரசமரபைச் சார்ந்த தடியத்தேவர் நோய் நீங்கப்பெற்றுக் கிறித்தவராக முன்வந்தார். ஒரு மனைவியோடு மட்டும் வாழ்தல் வேண்டும் என்னும் நெறியை ஏற்று ஏனைய மனைவியரை விலக்கினார். விலக்கப்பட்டோருள் இளையவர் சேதுபதியின் உறவினர். அவரது முறையீடு அரசவையில் பெருஞ்சினத்தை எழுப்பியது. 1693 சனவரியில் அருளானந்தர் பிடிபட்டு ஓரியூருக்கு அனுப்பப்பட்டார். பிப்ரவரி 4இல் தலை வெட்டுண்டார். இங்கு இரு தரப்பின் இழப்பையும் நடுநிலையோடு நோக்குதல் வேண்டும். அரச குடும்பத்துப் பெண் ஒருத்தியின் வாழ்வும் மதிப்பும் ஒரு சமயநெறியின் பொருட்டுக் குலைந்தன என்பது அரசவையின் கண்ணோட்டம். திருமண ஒழுக்கத்தைத் தளர்த்திக்கொள்ள இயலாது என்பது குருவின் நிலைப்பாடு. ஏழாண்டுகளுக்கு முன் அவரை விடுவித்த அதே மன்னர் இம்முறை விடுவிக்காமைக்கு இக்குடும்ப, அரசியல் சூழலே காரணம்.

கொலையுண்ட நாளுக்கு முந்திய நாள், பிப்ரவரி 3இல், அருளானந்தர் சிறையிலிருந்து தம் உடன்பணியாளர்க்கு எழுதிய மடல் புகழ்பெற்றது. எழுதுகருவி ஏதும் இன்மையால் கரியைக் குழைத்து மையாகக் கொண்டு எழுதப்பட்டது அது. அதில் புலம்பல் இல்லை. தம்மை விடுவிக்குமாறு வேண்டுகோளும் இல்லை. நடந்தவற்றைச் சுருங்கக் கூறி, நன்னெறியே குற்றமாகக் கருதப்படுமிடத்துத் துன்பம் இழிவன்று, பெருமையே என்னும் கருத்தை முன்வைத்து, எஞ்சியிருப்போரைத் தேற்றுகிறது. ஆறுதல் பெறவேண்டிய நிலையில் இருப்பவர் ஆறுதல் வழங்குபவராக மாறும் தலைகீழாக்கமே இம்மடலின் உயிர்நிலை.

இம்மடல் ஐரோப்பிய மொழிகளில் பெயர்க்கப்பட்டுப் பரவியது; ஓரியூர் மக்கள் அதனைப் படித்தவர்கள் அல்லர். அவர்களிடம் அருளானந்தர் வேறுவகையில் வாழ்ந்தார். அவர் குருதி படிந்ததாக நம்பப்படும் ஓரியூர்ச் செம்மண் நோய்தீர்க்கும் அருமருந்தாகக் கருதப்பட்டது. அங்குக் கிறித்தவரல்லாதாரும், அவரைக் கொன்ற நாட்டின் மறவர் குலத்தாரும் வணங்க வந்தனர்; இன்றும் வருகின்றனர். 1853இல் அருளாளராகவும் 1947 சூன் 22இல் புனிதராகவும் திருச்சபை அவரை உயர்த்தியதற்கு நெடுநாள் முன்பே இவ்வழக்கம் தோன்றிவிட்டது. மதுரையின் மேற்கே கருமாத்தூரில் 1970இல் தொடங்கப்பெற்ற அருளானந்தர் கல்லூரியும் அந்நினைவின் தொடர்ச்சியே. ஆக, ஒரே நிகழ்ச்சி இரு வாயில்களில் பிரிந்து ஓடியது: எழுத்துவழி ஐரோப்பியருக்கு, மண்வழியும் வாய்மொழிவழியும் தமிழருக்கு.

வீரமாமுனிவர்: ஊக்கத்திற்கு இலக்கிய வடிவம்

அருளானந்தர் இறந்து ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின், 1711இல், மதுரை மறைத்தளம் வந்த கொன்சுதான்சோ பெசுகி என்னும் வீரமாமுனிவர், முன்னோர் பட்ட இடர்களின் நினைவு மங்காத காலத்தில் எழுதியவர். அவர் தமிழ்ப்பணி அகராதி, இலக்கணம், உரைநடை எனப் பலபடப் போற்றப்பட்டுள்ளது. நம் வினாவின் நோக்கில் அவர் நூல்கள் மூன்று தனிக்கவனம் பெறுகின்றன.

முதலாவது 'வேதியர் ஒழுக்கம்' (1727). வேதியரின் நிலை எத்தகையது, அவர்தம் கடமை யாது, எத்தகைய பண்பால் அவர் சிறக்க வேண்டும் என்பவற்றை உரைநடையில் விளக்கும் நூல் இது. தமிழ் உரைநடை வளர்ச்சியின் ஒரு படிநிலையாகவே இது பெரிதும் பேசப்படுகிறது. அடித்தள ஊழியர் ஒருவரை முன்னிலைப்படுத்தி, அவரது பணியின் மேன்மையை அவருக்கே எடுத்துரைக்க ஒரு தனிநூல் எழுதப்பட்டது என்னும் உண்மை இதனினும் முதன்மையானது. ஊரார்க்கு ஊக்கமளிப்பவர் வேதியர். வேதியருக்கு ஊக்கமளிப்பது யார் என்னும் வினாவுக்கு விடையாக இந்நூல் அமைந்தது.

இரண்டாவது 'கித்தேரியம்மாள் அம்மானை'. ஐபீரிய நாட்டு மரபில் வழங்கும் கித்தேரி என்னும் கன்னி மறைச்சாட்சியின் கதை இது. மணவற்புறுத்தலுக்கு இணங்காமல் நம்பிக்கையின் பொருட்டு உயிர்நீத்தவள் அவள். இக்கதையைப் பெசுகி செய்யுட் பேரிலக்கிய வடிவில் பாடாமல், மகளிர் விளையாட்டோடு தொடர்புடையதும் மக்கள் கூடிக் கேட்பதுமான அம்மானை வடிவில் பாடினார். எழுதப்படிக்க அறியாத மகளிரும் செவிவழியே கொள்ளத்தக்க வடிவம் அது. சமயமாற்றத்தால் உறவு முறிவை மிகுதியும் எதிர்கொண்டோர் பெண்களே. திருமண உறவில் அவர்கள் மீது செலுத்தப்பட்ட வற்புறுத்தலுக்கு இக்கதைத்தலைவி ஒரு முன்மாதிரியாக விளங்கியிருத்தல் கூடும்.

மூன்றாவது 'தேம்பாவணி' (1726). மூன்று காண்டங்களும் 36 படலங்களும் 3,615 பாடல்களும் கொண்ட இக்காப்பியத்தின் தலைவன் இயேசுவின் வளர்ப்புத் தந்தையாகிய சூசை என்னும் வளன். ஏரோது மன்னனின் கொடுமைக்கு அஞ்சிக் குழந்தையோடும் மனைவியோடும் எகிப்துக்கு ஏகும் ஏழைத் தச்சன் அவன். காப்பியத் தலைமைக்கு மன்னனையோ வீரனையோ கொள்ளாமல், நாடிழந்து வழிநடக்கும் உழைப்பாளியைக் கொண்டது தற்செயலன்று. பூசலாலும் பஞ்சத்தாலும் ஊர்விட்டு ஊர்பெயர்ந்த மக்களிடையே வாழ்ந்த புலவரின் தேர்வு அது. ஏலாக்குறிச்சியைத் 'திருக்காவலூர்' என்று பெயரிட்டு, மரியன்னையை அடைக்கல அன்னையாகப் போற்றியதும் இதே மனப்பாங்கின் வெளிப்பாடு. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்த அவருக்கு, பொருட்பாலில் உள்ள இடுக்கணழியாமை அதிகாரம் நன்கு தெரிந்ததே. தேம்பாவணியில் இடுக்கண் அழியாத உள்ளம் இறைநம்பிக்கையோடும் குடும்ப உறவோடும் இணைந்து புதுப்பொருள் பெறுகிறது.

தேவசகாயம்: பொதுநிலையினரிடையே கைமாறிய ஊக்கம்

1712 ஏப்ரல் 23இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் அரசுப்பணியில் இருந்தவர். 1741இல் குளச்சல் போரில் மார்த்தாண்டவர்மரிடம் பிடிபட்டுப் பின் அவர் படைக்கே பயிற்சியளித்த டச்சுத் தளபதி யூசுதாக்கியுசு டி லனாய் அவருக்கு நண்பரானார். குடும்பத்தில் தொடர்ந்து நேர்ந்த இழப்புகளால் மனம் நொந்திருந்த நீலகண்டனுக்கு, எல்லாவற்றையும் இழந்தும் இறைவனைப் பழிக்காத யோபுவின் வரலாற்றை டி லனாய் எடுத்துரைத்தார். போரில் தோற்று, நாட்டை இழந்து, பகைமன்னனின் ஊழியனாக வாழ நேர்ந்த ஒருவர் வாய்வழியே யோபுவின் கதை வந்தது என்பது கருதத்தக்கது. குருவோ வேதியரோ அல்லாத ஒரு படைவீரர், தாம் பட்டறிந்த ஆறுதலைத் தம் நண்பருக்கு வழங்கினார். பவுலடியார் கூறிய இயக்கத்திற்கு இதனினும் தெளிந்த சான்று மறைத்தள வரலாற்றில் அரிது.

1745இல் மதுரை மறைத்தளத்தைச் சார்ந்த வடக்கன்குளத்தில் புத்தாரி அடிகளாரிடம் நீலகண்டன் திருமுழுக்குப் பெற்றார். இலாசர் என்னும் மறைநூற்பெயரின் பொருளைத் தமிழ்ப்படுத்தி அவருக்குத் தேவசகாயம் என்று பெயரிடப்பட்டது. இறைவன் துணை என்னும் பொருளுடைய அப்பெயரே பின்னாளைய இடர்களில் அவர்க்குரிய மறுமொழியாயிற்று. 1749இல் சிறைப்படுத்தப்பட்ட அவர் ஏறத்தாழ மூன்றாண்டுகள் துன்புறுத்தப்பட்டார். பெருவிளையில் வேப்பமரத்தில் பிணிக்கப்பட்டிருந்தபோது, தம் துன்பங்களைச் சொல்லி ஆறுதல் பெற மக்கள் அவரிடம் வந்தனர் என்பது மரபுவழிச் செய்தி. விலங்கிடப்பட்டவரிடம் விடுதலையாளர் தேறுதல் தேடிவந்தனர் என்னும் இச்செய்தி ஓரியூர் மடலின் உட்பொருளோடு ஒத்திருக்கிறது. 1752 சனவரி 14இல் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். ஞானப்பூ என்னும் திருமுழுக்குப் பெயர் பூண்ட அவர் மனைவி வடக்கன்குளத்தில் வாழ்ந்து மறைந்தார். தேவசகாயத்தின் வரலாறு நாடகமாகவும் பாடலாகவும் தென்னாட்டில் வழங்கியது. 2012இல் அருளாளராகவும் 2022 மே 15இல் புனிதராகவும் அவர் உயர்த்தப்பட்டார்.

ஊக்கத்தின் எல்லை

இம்மரபின் குறையையும் சுட்டாமல் விடுதல் ஆய்வுநெறியாகாது. ஆறுதல் எல்லார்க்கும் ஒரே வாயிலில் கிடைக்கவில்லை. நொபிலி தம் மாணாக்கரைப் பெர்னாண்டசின் பரதவச் சபையிலிருந்து பிரித்தே வைத்தார். பண்டாரசுவாமி முறை எல்லாக் குலத்தாரையும் அணுகியதாயினும் வழிபாட்டிடங்களில் குலவேறுபாடு நீடித்தது. 1744இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் வெளியிட்ட ஆணையைத் தொடர்ந்து பறையர் மக்களுக்கெனத் தனிக்குருக்கள் அமர்த்தப்பட்டனர். புறக்கணிப்பைத் தவிர்க்க எழுந்த இவ்வேற்பாடே பிரிவினைக்கு ஏற்பும் அளித்தது. ஊராரின் ஏளனத்தைத் தாங்க உதவிய சபை, தன்னுள் இருந்த ஏளனத்தை முழுதும் நீக்கவில்லை. ஒடுக்கப்பட்ட கிறித்தவர் இரு முனைகளிலும் உறுதிகாக்க வேண்டியிருந்தது. தேவசகாயத்தின் புனிதர் பட்டத்தின்போது சாதிப் பின்னொட்டு நீக்கப்பட்ட பெயரே வழங்கப்பட்டமை, இவ்வினா இருநூற்றெழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் உயிரோடிருப்பதைக் காட்டுகிறது.

1759க்குப் பின்: மரபின் சோதனை

1759இல் போர்த்துக்கல் அரசு தன் ஆட்சியெல்லைகளிலிருந்து இயேசு சபையினரை வெளியேற்றியது. 1773இல் பதினான்காம் கிளமெந்து திருத்தந்தை அச்சபையையே கலைத்தார். மதுரை மறைத்தளத்திற்குப் புதிய குருக்கள் வருவது நின்றது. இருந்தோர் ஒவ்வொருவராக மூத்து மறைந்தனர். கோவாவிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்த சிலர் பரந்த இவ்வெல்லையைப் பேணப் போதியவராக இல்லை. கருநாடகப் போர்களும் பாளையக்காரர் போர்களும் ஊர்களை அலைக்கழித்தன. 1792 முதல் 1823 வரை தென்னாட்டில் பணியாற்றிய துபுவா அடிகளார், இந்நாட்டில் கிறித்தவ சமயம் வேரூன்ற இயலாது என்னும் அவநம்பிக்கையோடு 1823இல் நூல் வெளியிட்டார்.

ஆயினும் 1837–38இல் பிரெஞ்சு இயேசு சபையினர் மதுரை நாட்டிற்குத் திரும்பியபோது, அவர்கள் வெற்றிடத்தைக் காணவில்லை. சிதறியும் குன்றியும் ஆயினும் சபைகள் இருந்தன, மன்றாட்டுகள் மனப்பாடமாக நிலைத்திருந்தன, திருநாள்கள் கொண்டாடப்பட்டன, வேதியர் குடும்பங்கள் தம் பணியைத் தலைமுறைதோறும் தொடர்ந்திருந்தன. புதிதாக வந்த குருக்கள் பலர் முதல் பத்தாண்டுகளிலேயே வாந்திபேதி முதலிய நோய்களால் இளமையில் இறந்தனர். ஏறத்தாழ எண்பதாண்டுக் கால வறட்சியைத் தாங்கியது எது என்னும் வினாவுக்கு மடல்களில் விடையில்லை. மடல் எழுதுவோரே அக்காலத்தில் அருகிவிட்டனர். எஞ்சியவை வேதியரும் பாட்டும் கதையும் கல்லறை வழிபாடுமே. தேவைப்படும்போதெல்லாம் வெளியிலிருந்து வரவேண்டியதாக ஊக்கம் இருந்திருப்பின் சபைகள் அற்றுப்போயிருக்கும். ஊரினுள்ளேயே ஒருவர்க்கொருவர் வழங்கத்தக்கதாக அது மாறிவிட்டிருந்தமையால் அவை நிலைத்தன.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் முடிபுகள் பெறப்படுகின்றன. மதுரை மறைத்தளம் எதிர்கொண்ட எதிர்ப்பு அரசியல், உறவு, ஊரொழுங்கு, உட்சபைப் பூசல் எனப் பல வேர்களை உடையது. ஆதலின் ஊக்கமூட்டலும் பல வடிவங்களை மேற்கொண்டது. பழிக்கு மறுமொழி தருதல் நொபிலியிடமும், இறப்பின் முன்னிலையில் பிறரைத் தேற்றுதல் அருளானந்தரிடமும், ஊழியருக்கும் மகளிர்க்கும் அகதிகட்கும் உரிய இலக்கியம் படைத்தல் வீரமாமுனிவரிடமும், நட்பின்வழி ஆறுதல் கைமாறுதல் தேவசகாயத்தின் வாழ்விலும் காணப்படுகின்றன. இவை அனைத்திலும் துன்புறுபவரே தேற்றுபவராதல் என்னும் ஒரே அமைப்பு மீள மீள வருகிறது. மடல்வழி ஊக்கம் கடல்கடந்து சென்றது. வேதியர்வழியும் இலக்கியவழியும் சென்ற ஊக்கம் ஊரில் தங்கியது. 1759 முதல் 1838 வரையிலான காலம் இவ்விரண்டையும் உரசிப்பார்த்த கட்டளைக்கல்.

மறைத்தள வரலாற்றைப் பெயர்பெற்ற குருக்களின் வாழ்க்கை வரிசையாக எழுதும் முறை இனி மறுபரிசீலனைக்குரியது. வேதியர் குடும்பங்களின் ஓலைச்சுவடிகள், ஊர்க்கோயில்களின் திருமுழுக்கு, இறப்புப் பதிவேடுகள், அம்மானைகளும் நாடகங்களும் எனச் சிதறிக்கிடக்கும் சான்றுகளைத் திரட்டினால், பெயர் பொறிக்கப்படாத அத்தேற்றுநரின் வரலாற்றை எழுத இயலும். மதுரைச் சமவெளியின் பழைய கிறித்தவ ஊர்களிலிருந்தே அப்பணியைத் தொடங்குதல் தகும்.